கருப்பம்மாவின் பேருக்கு ஒரு பதில்

லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் விஜயலெட்சுமிக்கு லயத்து வீட்டு வரிசையில் ஒரு காம்பரா, இரண்டு பிள்ளைகள், முப்பத்தொரு வருடக் கொழுந்து வேலை. அவளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்கு ஒரு காலையாவது வந்து பார்த்திருக்கமாட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாகக் கங்காணி புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேருக்குரியவள் "வந்தாச்சு" என்பாள். சத்தம் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, வேலையும் இல்லை.

கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மூச்சிரைக்க மலையேறுகிறவள் எப்படி நேரத்துக்கு வந்து சேர்வாள்? அதற்கு அந்தப் பெண்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கூட்டாளி. கூட்டாளி பின்னால் வந்துகொண்டிருக்கிறாள் என்றால் இவள் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கும் சேர்த்து "வந்தாச்சு" என்பாள். கங்காணிக்கு இது தெரியாமலில்லை. தெரியாத மாதிரி இருப்பதும் அவர் உத்தியோகத்தில் பாதி.

விஜயலெட்சுமியின் கூட்டாளி கருப்பம்மா. நாலு வயது மூத்தவள், அடுத்த லயம். விஜயலெட்சுமியின் புருசன் முருகையா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து செத்த அந்த இரண்டு மாதமும் அவள் பிந்தி வந்த காலைகளில் பேர் வெட்டுப்படாமல் காத்தவள் கருப்பம்மாதான். பிறகு கருப்பம்மாவுக்கு முழங்கால் நோவு வந்தது. பதில் சொல்லும் முறை விஜயலெட்சுமிக்கு வந்தது. நாளடைவில் கருப்பம்மாவின் பேர் காதில் விழுந்தாலே அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

போன வருடம் கோயில் கமிட்டிக் கஜேந்திரன் கொழும்புக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்தான். முதலில் கோயில், பிறகு கடல், கடைசியில் மிருகக்காட்சிசாலை. நாற்பத்தியிரண்டு பேர், ஒரு பஸ். கருப்பம்மா கடலுக்காகவும் வரவில்லை, கோயிலுக்காகவும் வரவில்லை. அவளுக்குச் சிறுத்தையைப் பார்க்கவேண்டும்.

அதை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவள் கொழுந்து பறிக்கிற மலை காட்டோரம். விடியற்காலையில் ஈர மண்ணில் கால்தடம் இருக்கும். அவள் வளர்த்த நாய்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. வாழ்நாளெல்லாம் பயந்து நடந்திருக்கிறாள், அந்தப் பயத்தின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

மிருகக்காட்சிசாலையில் கூட்டம் நெரிந்தது. பிள்ளைகள் குரங்குக்குக் கைகாட்டினார்கள், மனிதர்கள் யானைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்தார்கள். மீன்தொட்டிகளுக்கு நடுவே இருட்டில் நடந்தபோது நம் ஆட்கள் ஒருவர் சேலையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சிறுத்தைக் கூண்டுக்கு வந்தால், அது பலகைமேல் முதுகைத் திருப்பிப் படுத்துக் கிடந்தது. வாலும் கொஞ்சம் விலாவும்தான் தெரிந்தன.

"இதுக்கா நம்ம பயந்து செத்தோம்?" என்றாள் விஜயலெட்சுமி.

"மொகத்தப் பாக்கணும் விசயா. ஒருக்கா எந்திரிச்சாப் போதும்."

"அது எந்திரிக்கிறதுக்குள்ள நம்மள உள்ள வச்சுப் பூட்டிருவானுக. வாங்கக்கா."

கருப்பம்மா தன் பையை அவளிடம் கொடுத்தாள். அடையாள அட்டை, போன் நம்பர் எழுதின துண்டு, எல்லாம் அதற்குள்தான். "நீ போ. நான் இந்தா வாறேன்" என்று கூண்டுக்கு எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பஸ்ஸை அங்கே நிறுத்தக்கூடாதென்று யாரோ சத்தம் போட, டிரைவர் அவசரப்படுத்தினார். எல்லோரும் நனைந்துகொண்டு ஏறினார்கள். கஜேந்திரன் படியில் நின்று தாளைப் பார்த்துப் பேர் கூப்பிட்டான். விஜயலெட்சுமி ஜன்னலோரம் கால்வீக்கத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பக்கத்து இருக்கையில் கருப்பம்மாவின் பை.

"கருப்பம்மா."

"வந்தாச்சு" என்றாள் விஜயலெட்சுமி.

பின்னால் வந்துகொண்டிருப்பாள் என்று அவள் நினைத்தாளா? அவளைக் கேட்டால் அப்படிக்கூட நினைக்கவில்லை என்பாள். வாய் சொன்னது, அவ்வளவுதான். பஸ் நகர்ந்ததும் தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவிசாவளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோதுதான் விழித்தாள். பக்கத்தில் பை மட்டும் இருந்தது. பஸ் முழுக்கத் தேடினாள், கடைக்குள் தேடினாள். பிறகு கஜேந்திரனின் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பையைக் காட்டினாள். மற்ற முப்பத்தொன்பது பேருடன் பஸ் ஊருக்குப் போக, இவர்கள் இரண்டு பேரும் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தார்கள். வழி நெடுக அவளுக்கு ஒரே நினைப்புதான். அக்காவுக்குச் சிங்களம் பேச வராது, நம்பர் இல்லை, முழங்கால் வேறு.

மிருகக்காட்சிசாலை அடைத்திருந்தது. வாசல் விளக்கடியில் கடலை விற்கிற ஸஜீதா என்ற பெண்ணின் பக்கத்தில், அவள் போர்த்திவிட்ட துண்டோடு கருப்பம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி தின்ற பணிஸ் ரொட்டி.

"ஒங்கட ஆளா? நாலு மணியில இருந்து இந்த எடத்த விட்டு அசையல்ல" என்றாள் ஸஜீதா. "பொலிசுக்குப் போவமெண்டு கூப்பிட்டன். கூட்டாளி வருவா எண்டு சொல்லிச் சொல்லியே இருந்தா."

விஜயலெட்சுமி அழுதாள். கருப்பம்மா அழவில்லை, அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அது அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் இரத்தினபுரி தாண்டியபோது கருப்பம்மா கஜேந்திரனைக் கேட்டாள். "ஏன் தம்பி, பேரு கூப்புடாமயா எடுத்தீங்க?"

கஜேந்திரன் நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாத நல்லவன், அதுதான் வம்பு. "கூப்புட்டேன் பெரியம்மா. வந்தாச்சுன்னு சத்தம் வந்துச்சு."

"யாரு சொன்னா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நான்தான்க்கா" என்றாள் விஜயலெட்சுமி.

கருப்பம்மா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மழையில அந்தப் பெஞ்சில நான் பதறாம உக்காந்திருந்தேன், தெரியுமா? விசயா இருக்கா, நான் இல்லாம பஸ்ஸ எடுக்க விடமாட்டான்னு."

அதற்கு மேல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விஜயலெட்சுமி அதற்காகவே காத்திருந்தாள். ஒரு திட்டு, ஒரு அடி, ஏதாவது. கருப்பம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்தபின் சண்டையும் இல்லை, பேச்சும் நிற்கவில்லை. "சாப்பிட்டியா", "மழை வரும்போல" என்று பேசினார்கள். ஆனால் கொழுந்து மலையில் கருப்பம்மா நாலு நிரை தள்ளி நின்று பறித்தாள். சிறுத்தை எழுந்ததா, முகத்தைப் பார்த்தாளா என்று கேட்க விஜயலெட்சுமிக்குத் தினமும் ஆசை. கேட்கும் உரிமை போய்விட்டதென்று அவளுக்கே பட்டது. லயத்துப் பிள்ளைகள் கேட்டபோது மட்டும் கருப்பம்மா, "எந்திரிச்சுச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துச்சு. பாவமா இருந்துச்சு" என்றாளாம்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு காலையில் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே ஓடை வரை போய்க் குடத்தைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, விஜயலெட்சுமி கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள். கடைசி வளைவுக்கு வந்தபோது மேலே பெரட்டுக் களம் தெரிந்தது. வரிசையில் கருப்பம்மாவின் மஞ்சள் தலைத்துண்டும் தெரிந்தது.

"விஜயலெட்சுமி" என்று கங்காணி கூப்பிட்டார்.

கருப்பம்மா திரும்பி வளைவைப் பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கங்காணி இரண்டாம் தரம் கூப்பிட்டார். வழக்கம் தெரிந்தவர், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. கூட்டாளி நிற்கும்போது வேறொருத்தி பதில் சொல்வது அங்கே முறையில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு அவர் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார்.

"கருப்பம்மா."

"வந்தாச்சு" என்றாள் கருப்பம்மா, தலையைக் குனியாமல்.

விஜயலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த வளைவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.