ப்ரேக்கின் மேல் போட்ட பழி

பின் சக்கரத்தைக் கழற்றப்போகிறேன் என்று மெக்கானிக் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் மனைவி.

"நீ உள்ள போயேன், எண்ணெய் தெறிக்கும்."

"தெறிக்கட்டும்."

இருபது வருடமாக வலியசாலை வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்த மோட்டார் சைக்கிள். கிள்ளிப்பாலம் அருகே ஒரு மாலை, குறுக்கே வந்த ஆட்டோவில் கொண்டுபோய் மோதினேன். எனக்கு வெறும் சிராய்ப்பு. பின்னால் இருந்த இவளுக்கு முழங்கால் போயிற்று. இன்றும் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். "ப்ரேக் பிடிக்கலை" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். மாமனாரிடமும் அதையே சொன்னேன், ஆபீசிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நடந்தது வேறு. அந்தக் காலத்து வண்டிக்கு கியர் வலது காலில், ப்ரேக் இடது காலில். நானோ அந்த வாரம் முழுக்க நண்பரின் புது வண்டியை ஓட்டி மிதப்பில் திரிந்தேன். அதில் எல்லாம் நேர்மாறு. ஆட்டோவைக் கண்டதும், மடையன், வலது காலை அழுத்தினேன். கியர்தான் மாறியது.

இந்த வருடம் வண்டியை ஓட வைத்தே தீர வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். நடக்கவில்லை.

மெக்கானிக் நாகர்கோவில்காரர். சுத்தியலால் தட்டித் தட்டி அச்சைத் தளர்த்தினார். கடவுளே, உள்ளே எல்லாம் தேய்ந்துபோயிருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ப்ரேக் டிரம் திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சாரே, இதுக்கு ஒரு கொழப்பமும் இல்ல கேட்டேளா! லைனிங் புதுசு மாதிரில்லா இருக்கு. இதையா பிடிக்கலன்னு சொன்னீங்க?"

நான் குனிந்து டிரம்முக்குள் பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

"ஏன்னா, நான் ரெண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டுண்டுதானே உட்கார்ந்திருந்தேன்? உங்க இடது கால் என் கண் முன்னாடிதான் இருந்தது. அசையவே இல்லை."

"தெரிஞ்சும் ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்களா சொல்லுவேள்னு இருந்தேன்."

மெக்கானிக் துணி தேடுவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

"தப்பு என் மேலதான்" என்றேன். அதைச் சொல்ல இருபது வருடம் ஆகியிருக்கிறது.

"சரி. சக்கரத்தை மாட்டச் சொல்லுங்கோ."

வண்டிப் பதிவைப் புதுப்பித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. முதல் நாளே அவள் பின்னால் ஏறிக்கொண்டாள், அதேபோல ஒரு பக்கமாக, வலிக்கிற காலை மெல்லத் தூக்கி வைத்து. கிள்ளிப்பாலம் வரை மெதுவாகவே ஓட்டினேன். அங்கே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. என் வலது கால் தானாக எழும்பியது.

"இடது!" என்று என் தோளைப் பிடித்து நசுக்கினாள்.

அழுத்தினேன். பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அவள் என் தோளை விடவில்லை. ப்ரேக் நன்றாகவே பிடித்தது.