மலைக்கோட்டை மேல் ஆட்டுக்குட்டி

வச்சிரம் காய்ச்சும்போது எழும் வாடை தலைமுடியில் ஏறினால் இரண்டு நாள் போகாது. தச்சர்கள் பலகை ஒட்டும் அந்தப் பழுப்புப் பசையை வெந்நீரில் கரைத்து, வண்ணப் பொடி கலந்துதான் எங்கள் பள்ளியில் பெரிய படங்களுக்குச் சாயம் தயாரிப்போம். அது மாட்டுத் தோலிலிருந்து செய்வது என்று யாரோ வீட்டில் சொல்லிவிட்டதால், படம் எழுதும் நாட்களில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் நான் கொல்லை வழியாகத்தான் நுழைய வேண்டும். "அந்தக் கண்றாவியத் தொட்டுண்டு அடுக்களைப் பக்கம் வந்துடாதே, குளி முதல்ல" என்பார் அம்மா.

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். மடத்துத் தலைவியான மதரின் நாமவிழாவுக்கு, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, ஆண்டுதோறும் ஒரு வகுப்பு படம் எழுதிக் கொடுக்கும். அதை "பார்லர்" எனப்படும் பார்வையாளர் அறையில் அடுத்த விழா வரைக்கும் மாட்டி வைப்பார்கள். அந்த ஆண்டு எங்கள் முறை. ஓவியம் கற்பித்த சிஸ்டர் பெலிசிட்டா என்னை எழுதச் சொன்னபோது எனக்கு அது வெறும் படமாக இல்லை. நாலாம் பாரத்தில் ஓவியத்தை விருப்பப் பாடமாக எடுக்க நான் ஆசைப்பட்டேன். அப்பாவோ டைப்பும் சுருக்கெழுத்தும்தான் என்று முடிவு செய்திருந்தார். கெஞ்சிக் கேட்டதில், "பார்லர்ல மாட்டட்டும், வந்து பாக்கறேன், அப்புறம் யோசிக்கலாம்" என்று இறங்கி வந்தார்.

காவிரிப் பாலத்தில் பஸ் வரும்போது தினமும் பார்க்கும் மலைக்கோட்டையையே எழுதினேன். காலை வெயிலில் இடப்பக்கப் பாறை வெளுத்திருக்கும், வலப்பக்கம் நீலம் கலந்த நிழலாக இருக்கும். அந்த நிழலின் ஓரம் சரியாக வரும்வரை ஒரு வாரம் பஸ் ஜன்னலிலேயே கண்ணை வைத்திருந்து, காடாத் துணியில் கட்டம் போட்டு, அளந்து அளந்து எழுதினேன்.

படம் முடிந்ததும் "கை வைப்பது" என்று ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் உள்ள ஒவ்வொருத்தியும் தூரிகை பிடித்துப் படத்தில் ஏதாவது சேர்க்க வேண்டும். "நீ ஒருத்தி குடுத்தா மதருக்கு என்னம்மா சந்தோஷம்? வகுப்பே சேர்ந்து குடுக்கணும்" என்பார் சிஸ்டர். இதை எதிர்பார்த்து, படத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் காவிரி மணலாக வெறுமையாக விட்டிருந்தேன். செடி, படகு, பறவை, எதை வேண்டுமானாலும் அங்கே போட்டுக்கொள்ளட்டும் என்பது என் திட்டம்.

லால்குடியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த லூர்து மேரி முதலில் போனாள். மணலைப் பார்த்தாள், பெஞ்சை இழுத்துப் போட்டாள், மேலே ஏறினாள்.

"கீழ போடுடி, இடம் விட்டிருக்கேன்."

"கீழ யாருடி பாப்பா? மதர் எவ்ளோ உசரம்! அவங்க கண்ணு மேலதான் போகும்" என்றவள், வெளுத்த பாறையின் நட்டநடுவில் ஓர் ஆட்டுக்குட்டியைப் போட்டாள். "மதருக்கு ஆட்டுக்குட்டின்னா உசுரு."

அவ்வளவுதான். எல்லோரும் வரிசையாகப் பெஞ்சு ஏறினார்கள். மலையடிவாரத்துத் தெருவிலிருந்து வரும் நூருன்னிசா, "எங்க வீடு இங்கதான் இருக்கு, அது இல்லாம என்னடி மலை?" என்று நிழலின் மேல் பச்சைக் கதவோடு ஒரு வீடு கட்டினாள். வச்சிரச் சாயத்தின் குணம், ஈரத் தூரிகை பட்டால் அடிச் சாயமும் கரைந்து கிளம்பிவிடும். ஆட்டுக்குட்டியின் வெள்ளையில் பாறை கலந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று லூர்து மறுபடி தீற்ற, மலையே சேறாகியது. மணலை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை.

"சிஸ்டர், நான் திருத்தட்டுமா?" என்றேன்.

"எதுக்கும்மா? இப்பத்தான் இது நம்ம வகுப்புப் படம்" என்று அவர் கைதட்டினார்.

விழாவன்று அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். பார்லரில் மற்ற பெற்றோர்கள் ஆட்டுக்குட்டியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எதுடீ நீ போட்டது?"

பாறை என்று சொல்லப் பாறை இல்லை; நிழல் இருந்த இடத்தில் நூருன்னிசாவின் வீடு இருந்தது. மணலைக் காட்டினேன்.

"மணலா?" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டைப்பு வகுப்பில் சேர்ந்தேன்; இன்றுவரை சாப்பாடு போடுவதும் அந்த டைப்புதான், அதை மறுக்கவில்லை.

சென்ற மாதம் பழைய மாணவிகள் கூட்டத்துக்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். பார்லரைப் பள்ளி அலுவலகம் ஆக்கிவிட்டார்கள். கை வைக்கும் வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்களாம். நடைச் சுவரில் பிள்ளைகள் எழுதிய படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயரும் வகுப்பும் அழகாக ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைப் படித்தபடி நின்றபோது, சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. எங்கள் துணிப் படம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் எல்லோருக்கும் நினைவிருந்தது. "அந்த ஆட்டுக்குட்டி நான் போட்டதாக்கும்" என்றாள் நரைத்த லூர்து. "வீடு என்னுது" என்றாள் நூருன்னிசா. படத்தில் பட்டம் விட்டவள், தென்னை நட்டவள், ஒவ்வொருத்தியும் தன் பங்கைச் சொன்னாள்.

"அதெல்லாம் சரி, மலையை யாருடி போட்டது?" என்று ஒருத்தி கேட்டாள்.

லூர்து சற்று யோசித்தாள். "அது சிஸ்டர் போட்டு வச்சிருந்ததுல்ல?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காப்பித் தட்டு வந்துவிட்டது.