சவேரியம்மாளுக்கு ஒரு மெழுகுவத்தி

மலையில் கோடை சீசன் பிறந்துவிட்டால் கித்தேரியம்மாளுக்கு நிம்மதி போய்விடும். ஏரியில் படகு விட்டு, பிளம்ஸ் வாங்கித் தின்று, போட்டோவும் எடுத்து முடித்த கனவான்களுக்கு, மலையை விட்டு இறங்குமுன் கொஞ்சம் புண்ணியமும் கட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். உடனே பேத்துப்பாறைப் பக்கம் இருந்த அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு வண்டியை விடுவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பாடும். வந்தவர்கள் பிஸ்கோத்து கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு சிலர், இந்தப் பிள்ளையை நாங்களே வளர்க்கிறோமே என்று கேட்டுக் கூட்டிக்கொண்டும் போவார்கள். அந்த ஒரு சிலரை நினைத்துத்தான் அவளுக்குப் பயம்.

ஏனென்றால் வரிசையில் இரண்டாவதாக நின்று பாடும் அருள்மேரி அநாதையே இல்லை. அங்கே சமையல் வேலை பார்த்த கித்தேரியம்மாள் பெற்ற பிள்ளை அவள். பள்ளியில் ஒரு ஈ காக்காய்க்கும் இது தெரியாது.

ஐம்பத்தாறாம் வருஷம் மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் அவள் புருஷன் இருதயசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை. தூக்கிக்கொண்டு போனால் கூலி வேலை கிடையாது. வீட்டில் போட்டுவிட்டுப் போனால் யார் பார்ப்பது? பள்ளியிலோ தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்குத்தான் இடம். கோயில் உபதேசியார் உபகாரம் என்பவர்தான் வழி சொன்னார். "ஒண்ணும் யோசிக்காத கித்தேரி. தாயும் செத்துட்டான்னு சொல்லிப்புடுவோம். நாலு மாசம் போகட்டும், நீயும் அங்கனயே சமையலுக்கு வந்துரு. பிள்ளை கண்ணு முன்னாலயே கெடக்கும்."

அவரே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செத்த தாயின் பெயர் என்ன என்று பள்ளியை நடத்தும் மதர் கேட்டபோது, வாய்க்கு வந்தபடி சவேரியம்மாள் என்று சொல்லிவைத்தார். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய!

பிள்ளை கண் முன்னால் கிடந்தது உண்மைதான். அவளுக்கு மட்டும் கூழ் ஒரு அகப்பை கூடுதலாக விழும். எந்தப் பிள்ளை அழுதாலும், "நான் இருக்கேன்ல, நான்தான் உனக்கு அம்மா" என்று கித்தேரியம்மாள் தேற்றுவாள். அந்தச் சாக்கில் அருள்மேரியிடமும் அதையே சொல்லிக்கொள்வாள். நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவார்களே என்று விழுங்கிவிடுவாள். பாவி மகள், விழுங்கி விழுங்கியே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால்தான் தாங்காது. கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில், செத்துப்போன தாய் தகப்பன் பேரைச் சொல்லிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றும். "எங்கம்மா சவேரியம்மாளுக்கு" என்று அருள்மேரியும் ஏற்றுவாள். மலைக்காற்றில் அது அணையாமல் முந்தானையை மறைவாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது கித்தேரியம்மாள்.

அறுபத்து நாலாம் வருஷ சீசனில், பிள்ளையில்லாத மதராஸ் தம்பதி ஒன்று காரில் வந்தது. அருள்மேரி பாடியதைக் கேட்டதும் அந்த அம்மாள் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். மூன்றே நாளில் மதர் சம்மதம் கொடுத்துவிட்டார்.

பயண நாளன்று வெள்ளனே, சொல்லிக்கொண்டு போக அடுப்படிக்கு வந்தாள் அருள்மேரி. காலில் புது ஷூ. கித்தேரியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வேலை போனால் மயிரே போச்சு, பிச்சை எடுத்தாவது வளர்ப்பேன் என்று முடிவு கட்டியிருந்தாள்.

"போகாதடி தங்கம். நான்தாண்டி உன்னப் பெத்தவ. சத்தியமா நான்தான் உன் அம்மா."

அருள்மேரி சிரித்துவிட்டாள். "போங்க ஆயா! எல்லாப் பிள்ளைககிட்டயும் இதைத்தானே சொல்லுவீங்க!"

"இல்லடி, உன் ஒருத்திக்குத்தான்..."

"எங்கம்மா செத்துப்போயிட்டாங்க ஆயா. வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்துறேன்ல? நீங்களும்தானே பக்கத்துல நிப்பீங்க?" சொல்லும்போதே அவள் முகம் வாடியது. "இனி நான் இருக்க மாட்டேன். எங்கம்மாவுக்கு நீங்க ஏத்துங்க ஆயா. மறந்துராதீங்க."

கித்தேரியம்மாள் ஓடிப்போய் மதரின் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். மதர் அவளைத் தூக்கி நிறுத்தினார். "எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதானே அம்மா, கித்தேரி. பாசத்தில் பிதற்றாதே. பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றார். சாட்சி சொல்ல உபதேசியார் உபகாரமும் இல்லை; போன வருஷமே செத்துவிட்டார். அய்யம்பாளையம் போய் ஆள் கூட்டி வருவதற்குள் கார் மலையிறங்கி வத்தலக்குண்டைத் தாண்டிவிடும். அவள் கண் பார்க்கவே கார் கிளம்பிப் போனது.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் அவளும் ஒரு மெழுகுவத்தியோடு பெரிய சிலுவையடியில் போய் நின்றாள்.

"யாருக்கு கித்தேரி?" என்றார் மதர்.

"அருள்மேரியோட அம்மாவுக்குங்க."

மறைத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் அது இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவையும் ஏற்றினாள்.