அம்மா அடைத்த வாய்க்கால்

எங்கள் அம்மா கத்திச் சண்டை பிடிப்பவரல்ல. வாய்க்காலை அடைத்த அன்றும் குரலை உயர்த்தவில்லை.

அப்பாவின் நெல் மில் செங்கலடிப் பக்கம், வாவிக்கரையில் இருந்தது. நெல்லை இரண்டு நாள் தொட்டியில் ஊறப்போட்டு அவிப்பார்கள். ஊறிய தண்ணீர் புளித்துக் கறுத்து வாய்க்கால் வழியே வாவிக்குப் போகும். நாற்றம் எங்கள் சோற்றுக் கோப்பை வரை வரும். கரையோரம் இறால் படுவதில்லை என்று வலைக்காரர்கள் வந்து முறையிட்டால், "வாவி என்ன சட்டித் தண்ணியா, கெட்டுப்போக?" என்று அப்பா சிரிப்பார். வாவி எழுந்து வந்து பதில் சொல்லாது என்ற தைரியம்தான்.

மில் நின்ற நிலத்துண்டு அப்பா வாங்கியது. மில்லுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த காணி அம்மாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். அந்தக் காணியை ஊடறுத்துத்தான் வாய்க்கால் ஓடியது.

ஒரு அறுவடைக் காலம், மில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா களிமண்ணும் உமி மூட்டையும் போட்டு வாய்க்காலை அடைத்தார். அதன்மேல் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். தண்ணீர் மில்லுக்குள் திரும்பியது. மண்வெட்டியோடு வந்த வேலையாட்கள் அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். பிறகு அப்பா வந்தார்.

"உனக்கென்ன விசரா? நெல்லெல்லாம் பழுதாப் போகப்போகுது."

"மில் உங்கட. காணி என்ர. இதுக்குள்ளால இனி ஒரு சொட்டும் போகாது."

சின்னப் பிள்ளையான நான் அப்பா பக்கம். மில் நின்றால் நம் பிழைப்பும் நின்றுவிடும் என்று அம்மாவிடம் அழுதேன். "நிக்கட்டும்" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவும் லேசுப்பட்டவரல்ல. "உன்ர காணியும் வேணாம், வாவியும் வேணாம்" என்று மில்லிலேயே பாயைப் போட்டார். பொயிலரில் வீணாய்ப் போன ஆவியைக் குழாயில் இழுத்துத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கினார். சுடுதண்ணீரில் நெல் சில மணி நேரத்தில் ஊறியது. புளிக்க அவகாசமே இல்லை. மிஞ்சிய தண்ணீரைக் குழியில் தெளியவிட்டு, உமிக்கரியில் வடித்து, மறுபடி தொட்டிக்கே எடுத்தார். முதல் அவியல் மஞ்சளாய் வெடித்துப் போனது. விலைப்படாத அந்த அரிசியைக் கனநாள் நாங்களே தின்றோம். அம்மா ஒரு குறையும் சொல்லாமல் பரிமாறினார். அது அப்பாவை இன்னும் உசுப்பியது.

கடைசியில் அரிசி பதமாய் வந்தது. எரிக்கும் உமியும் கிணற்றுத் தண்ணீரும் முன்னையைவிடக் குறைவாகவே போதுமாயின. வேறு மில்காரர்கள் பார்க்க வந்து போனில் வீடியோ எடுத்தார்கள். எல்லாம் தன் யோசனை என்று அப்பா சொன்னார். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனார்.

வாய்க்காலைத் தூர்த்து அம்மா மரவள்ளி நட்ட நாளில், "இனி உங்கட காணிக்க ஆரும் தண்ணி விடமாட்டாங்க" என்றேன்.

"இது என்ர காணியெண்டு உனக்கு ஆர் சொன்ன?" என்றார், மரவள்ளித் தடியை மண்ணில் ஊன்றியபடியே.

திடுக்கிட்டுப் போனேன். அப்பாவிடம் ஓடி, அம்மா பொய் சொல்லியிருக்கிறார் என்று முறையிட்டேன்.

"தெரியும் மகள்" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு ஒரே பெண்பிள்ளை நான். இருந்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருவரும் கூட்டுச் சேர்ந்து வேறு எவளுடைய காணியையோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்தக் காணிக்காரி ஒருநாள் வந்து நிற்பாள். வரட்டும். எவளாக இருந்தாலும் படலையைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, கனநாள் காவல் இருந்தேன்.