வைனின் தாய் தகப்பன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் விரும்பிய பெண்ணின் தகப்பனாரைப் பார்க்க சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"லவ் எண்டு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ. அப்பா ஒருநாளும் ஓம் எண்டு சொல்லமாட்டார். தெரிஞ்ச இடத்துப் பெடியன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

மற்றவர்களைப் போல விஸ்கிப் போத்தலோடு போயிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்கோ நாகரிகம் தெரிந்த மாப்பிள்ளையாகத் தெரிய ஆசை. பிரான்சின் போர்தோவிலிருந்து வந்த சிவப்பு வைன் ஒன்றை வாங்கினேன். அதைப் பற்றி அளக்கவேண்டுமே என்று நூலகத்தில் ஒரு சஞ்சிகையும் படித்தேன். அதுவரை வைனை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் தக்கை திறப்பான் இல்லை. அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே இடித்துத் தள்ளினேன். என் வெள்ளைச் சட்டைதான் முதலில் குடித்தது. அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, உது புளிச்சுப் போச்சுதோ?"

"இல்லை அங்கிள், இது நல்ல வம்சம்."

"வைனுக்கும் வம்சமோ?"

அவ்வளவு போதும் எனக்கு. கபர்னே சோவிஞோன் என்ற கறுப்புத் திராட்சையில் செய்தது என்றேன். உலகமே கொண்டாடும் அதன் தாய் தகப்பன் யாரென்று நெடுங்காலம் தெரியாமல் இருந்து, அண்மையில்தான் மரபணுவைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கினேன். படித்ததைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்டு கபர்னே பிரான், கறுப்பு. மற்றது சோவிஞோன் பிளான், வெள்ளை. பக்கத்தில பக்கத்தில நிண்டிருக்குங்கள். ஒருத்தரும் பேசிச் செய்யேல்லை அங்கிள், தாங்களாத்தான் சேர்ந்ததுகள். பாருங்கோ, எவ்வளவு நல்லா வந்திருக்கு!"

அவள் நின்ற சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அப்போதுதான் நான் உளறியது எனக்கே உறைத்தது. அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கனகாலமாப் பழகிறியளோ?"

"ஓம் அங்கிள்."

மிச்ச வைனையும் மருந்து குடிப்பதுபோல விழுங்கினார்.

"உந்தப் பழத்தின்ர தாய் தேப்பனை வடிவா விசாரிச்சு வைச்சிருக்கிறீர். இனி உம்மட தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வாரும். அவையோட கதைப்பம்."

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறே கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் இருந்த என் அம்மா அப்பாவிடம், இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.