பின்தகட்டில் மூன்று அடி

இதைக் கேட்டபோது நான் குடித்திருக்கவில்லை, தூக்கக் கலக்கத்திலும் இல்லை. கையில் சுத்தியலோடு வேலையில் இருந்தேன். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த வீட்டை நினைத்தால் எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

குளிர்காய வீட்டுக்குள் எரிக்கும் கணப்பு அடுப்பு பொருத்துவது என் தொழில். வட இங்கிலாந்தில் எங்கள் யார்க்ஷயர் பக்கம் வீடுகளெல்லாம் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாக இருக்கும். இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் ஒரே சுவருக்குள் முதுகோடு முதுகு ஒட்டி ஏறும். நடுவில் ஒற்றைச் செங்கல்தான். நூறு வருஷப் புகையில் அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்துபோகும். உதிர்ந்தால் இந்த வீட்டு நெருப்பின் விஷக்காற்று அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் போய்விடும். அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் உள்ளே ஒரு புகை வில்லையைக் கொளுத்திவிட்டு, அடுத்த வீட்டிலும் போய்ப் புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் பெயர் ஜூலியன். லண்டனிலிருந்து வந்து குடியேறியவர். பழைய அடுப்பை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அது ராசியில்ல" என்று சிரித்தார். டிசம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. விருந்தாளிகள் வரும் நேரம் என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார்.

"வில்லையக் கொளுத்துங்க, சான்றிதழ்ல கையெழுத்தப் போடுங்க, கெளம்புங்க கீத்."

"பக்கத்து வீட்டுல பாக்கணும் சார்."

"அது காலி வீடு. ரெண்டு வருஷமாப் பூட்டிக் கெடக்கு. அங்க போய் யாரப் பாக்கப் போறீங்க, பேயையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு வில்லையைக் கொளுத்தினேன். அடுப்புக் கதவைச் சாத்தினேன்.

டங்.

இரும்பு சூடாகி விரிகிற சத்தம் என்று நினைத்தேன். ஆனால் அடுப்பில் நெருப்பே இல்லையே...

டங்... டங்.

இரும்பின் மேல் இரும்பு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நான் இப்படிப்பட்ட வரிசை வீட்டில் பிறந்தவன். எங்கள் ஜனங்களுக்கு ஆபத்து என்றால், தணல் கிளறும் கோலை எடுத்து, கணப்பின் பின்னால் இருக்கும் வார்ப்பிரும்புத் தகட்டில் மூன்று அடி அடிப்பார்கள். அடுத்த வீட்டில் கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். என் அம்மா கையில் பிசைந்த மாவோடு ஓடியிருக்கிறாள்.

"காலி வீடுன்னீங்க?"

ஜூலியன் திடுக்கிடவில்லை. முகத்தைத்தான் சுளித்தார். ரிமோட்டை எடுத்துப் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

"அப்பப்போ இப்படித்தான் கேக்கும். பாட்டு போட்டாத் தெரியாது."

அந்த ரிமோட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதற்கு நேரமில்லை. ஓடினேன்.

காலி வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தது கெர்ரி என்ற இளம்பெண். பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

"நேத்துதாங்க குடி வந்தோம்."

"சுவத்துல தட்டினது நீயாம்மா?"

"நானா? நீங்கதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"மாடியில யாரு?"

"பாப்பா தூங்குறா..."

அவளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். அறை முழுக்க வெள்ளைப் புகை. சுவரை ஒட்டித் தொட்டில். குழந்தை இருமிக்கொண்டிருந்தது. வாரி எடுத்தேன்.

கீழே கூடத்தைக் கடக்கும்போது...

டங்.

அங்கே கணப்பே இல்லை. வழவழவென்று பூசிய வெறும் சுவர்.

டங்... டங்...

பூச்சுக்குள்ளிருந்து. கெர்ரி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

தெருவுக்கு வந்தோம்.

சத்தம் நின்றது.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. அது வெறும் சோதனைப் புகை. நான் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் இரவு முழுக்க நிஜ நெருப்பு எரிந்திருக்கும். விடிந்தபோது அந்தத் தொட்டிலில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போய், இனி நெருப்பு வைக்க முடியாதபடி அடுப்பின் கதவைக் கழற்றி என் வண்டியில் போட்டேன்.

"யோவ், அது என் அடுப்புய்யா!"

"போலீஸக் கூப்புடு. நானும் ரெண்டு வார்த்தை பேசணும்."

அவர் கூப்பிடவில்லை. ஏன் என்பதை எதிர்வீட்டு மோரீன் அக்கா சொன்னார்.

அந்தக் காலி வீடு எட்னா என்ற கிழவியுடையது. ஜூலியனுக்குப் பழைய அடுப்பை வைத்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. முதல் ராத்திரியே விஷக்காற்று ஏறி எட்னா செத்துப்போனாள். கையில் தணல்கோல் இருந்ததாம்.

"தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னு அந்த ஜூலியனே போலீஸ்ல சொன்னான்ப்பா. 'பாட்டு சத்தத்துக்குக் கெழவி சண்டைக்கு வருதுன்னு நெனச்சு இன்னும் கூட்டி வெச்சேன்'னான்."

ஊர் வழக்கம் தெரியாதவன், சரி. ஒரு தடவை மன்னிக்கலாம். ஆனால் அன்றைக்கு என் கண் முன்னாலேயே மறுபடியும் பாட்டைக் கூட்டினானே...

மறுநாள் காலை கெர்ரி வீட்டுச் சுவரை உடைத்தேன். பூச்சுக்கும் செங்கல்லுக்கும் பின்னால் பழைய தகடு அப்படியே இருந்தது. எட்னா செத்தபிறகு கணப்பைச் செங்கல் வைத்து மூடியிருக்கிறார்கள். தகடு முழுக்கக் கரியும் துருவும். நடுவில் மட்டும் குழிகுழியாக அடிபட்ட தடம், வெள்ளி மாதிரி பளபளவென்று. சுவருக்குள் இருக்கும் ஈரத்தில் இரும்பைச் சுரண்டி விட்டால் இரண்டே நாளில் துருவேறிச் சிவந்துவிடும்.

அது நேற்று விழுந்த அடி.

மோரீன் அக்காவிடம் போனேன். "எட்னாவோட தணல்கோல் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"அவகிட்டதான். வெரல எவ்வளவோ பிரிச்சுப் பாத்தாங்க, விடல. அப்படியே பெட்டியில வெச்சுப் பொதச்சுட்டாங்க."