விசிறிவால்

கறிக்கடையைத் தாண்டும்போது இறகு பொசுங்கும் வாசம் அடித்தால் போதும், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் தோட்டம் கண்முன் வந்துவிடுகிறது. ஐம்பதுகளில் அப்பா அங்கே விசிறிவால் சேவல்கள் வளர்த்தார். சண்டைக்கு அல்ல, அழகுக்கு. பொழுது சாய்ந்ததும், வால் மண்ணில் உரசாதபடி உயரத்தில் கட்டிய மூங்கிலில் சேவலை உட்காரவைத்து, இறகுகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிவிடுவார். எனக்கு அந்தச் சேவல்களைப் பிடிக்காது. வாசலில் ஓடினால் வாலை மிதித்துவிடுவேன் என்று எனக்குத்தான் திட்டு விழும். வருகிறவர்கள் சேவலைப் பார்த்துவிட்டு அப்பாவைப் புகழ்வார்கள். பக்கத்திலேயே சாம்பல் நிறப் பெட்டைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அம்மாவின் அண்ணன் சொல்லாமல் வந்து நின்றார். அழகில்லாத கோழிதானே என்று அம்மா அந்தப் பெட்டையை அறுத்து, தீயில் வாட்டி, குழம்பு வைத்துவிட்டாள். மாமனோடு சாப்பிட உட்கார்ந்த அப்பா எந்தக் கோழி என்று கேட்டார். அம்மா சொன்னதும் சோறு பிசைந்த கை நின்றது.

"அந்தப் பொட்டை வழியாத்தான் வாலே வருது. வேற பொட்டையோட சேத்தா குஞ்சுக்கு வால் கட்டையாப் போயிரும்."

"எனக்கெப்படீங்க தெரியும்? பொழுதன்னிக்கும் சேவலைப் பத்தித்தானுங்க பேசுனீங்க. இந்தப் பொட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அம்மா எங்கள் எல்லோருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, தனக்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள்.